ஸ்கேட்போர்டும் வாட்ச்மேனும்: ஆவணப்படம் எடுக்கும் மாணவிக்கு ஒரு பதில்

இந்த வாரக் கடிதம் சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு படிக்கும் மாணவியிடமிருந்து வந்தது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இடத்தையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

நான்கு பேர் கொண்ட குழு. கையில் 10 வாரம். 12 நிமிட ஆவணப்படம் ஒன்றைப் புராஜெக்ட்டாகக் கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்ட பொருள், ‘ஸ்கேட்போர்டிங்கை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?’ இந்த யோசனை இவருக்குத் தம்பியிடமிருந்து வந்திருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் தம்பி, வாரத்தில் மூன்று மாலை டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஓர் அலுவலக வளாகத்தின் முன்னால் உள்ள கிரானைட் தளத்தில் நண்பர்களோடு போர்டு ஓட்டுகிறான். அப்பாவுக்குத் தெரியாது. வளாகத்து வாட்ச்மேனுக்கு அறுபது வயதிருக்கும். தினமும் விசில் ஊதித் துரத்துகிறார். ஒருமுறை ஒரு பையனின் போர்டைப் பிடுங்கி இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தாராம்.

குழு இதுவரை கடற்கரையில் 38 பேரிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடித்திருக்கிறது. பெரும்பாலோர் சொன்னது ஒரே பதில்: “நல்லாதான் இருக்கு, பாத்து ஓட்டணும்.” வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு, “இதுல சமூகப் பிரச்சினை எங்கம்மா இருக்கு? வேற தலைப்பு பாரு” என்று சொல்லிவிட்டார். ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை.

மாணவியின் கேள்விகள் இவை. இந்தக் கருவில் படம் இருக்கிறதா? வாட்ச்மேன் துரத்துவதை மறைவாகப் போனில் எடுத்துப் பயன்படுத்தலாமா? தம்பியின் முகத்தை மங்கலாக்கிக் காட்டினால் போதுமா? நடுநிலை என்றால் பாதிக்குப் பாதியா? ‘ஸ்கேட்போர்டிங் குற்றமல்ல’ என்று தலைப்பு வைக்கலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் நீங்கள் விவரித்திருக்கும் படத்தில் எனக்கு ஆர்வம் வரவில்லை. இரண்டாம் பக்கத்தில், ‘இதையும் சொல்ல வேண்டும்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கும் வாட்ச்மேன், தம்பி, அப்பா மூவரையும் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேமராவை வைத்திருக்கும் பக்கத்தில் இல்லை.

அந்த 38 பேட்டிகளை எடுத்ததற்காக வருத்தப்பட வேண்டாம். என் முதல் படத்துக்கு நான் 60 பேரிடம் மைக்கை நீட்டினேன். எடிட்டிங்கில் மிஞ்சியவர்கள் நான்கு பேர். கடற்கரையில் காற்று வாங்க வந்தவரை நிறுத்தி, அவர் அதுவரை யோசித்தே பார்க்காத விஷயத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், அவர் மரியாதைக்கு ஒரு பதில் சொல்வார். “பாத்து ஓட்டணும்” என்பது அந்த மரியாதைதான். அதை வைத்து மக்களின் பார்வை இது என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒன்றைப் பற்றி நிஜமான பார்வை எப்போது வருகிறது? அது தன் வழியில் குறுக்கிடும்போது, தன் வீட்டுப் பிள்ளை அதைச் செய்யும்போது, அல்லது அதைத் தடுப்பதற்குத் தனக்குச் சம்பளம் கொடுக்கப்படும்போது. உங்கள் கதையில் இந்த மூன்று பேருமே இருக்கிறார்கள்.

முதலில், நம் ஊரில் ‘ஸ்கேட்டிங்’ என்றால் என்ன?

உங்கள் கடிதம் முழுக்க ஓர் அனுமானம் ஓடுகிறது: மக்கள் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களை ரௌடிகளாகப் பார்க்கிறார்கள், அந்தத் தப்பான எண்ணத்தை உங்கள் படம் மாற்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த எண்ணம் சென்னையில் பிறந்ததுதானா?

அது அமெரிக்காவின் கதை. 1950களில் கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்கிப் பார்த்த சர்ஃபர்களிடமிருந்து தொடங்கியது ஸ்கேட்போர்டு. 1970களில் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சக்கரம் வந்து ஓட்டம் சீரானது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, பையன்கள் வேலி தாண்டிக் குதித்து அவற்றுக்குள் ஓட்டினார்கள். அத்துமீறல் என்ற முத்திரை அங்கே விழுந்தது. நார்வே ஒருபடி மேலே போய், விபத்துப் பயத்தில் 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டையே தடை செய்தது. ‘ஸ்கேட்போர்டிங் குற்றமல்ல’ என்பது 1980களின் அமெரிக்க ஸ்டிக்கர் வாசகம். நகராட்சிகள் சட்டம் போட்டுத் துரத்திய ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது. நம் ஊரில் அப்படித் தடை போடும் அளவுக்கு யாரும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இல்லாத தடையை எதிர்த்துப் படம் எடுத்தால், பார்ப்பவர் “யாருப்பா குற்றம்னு சொன்னது?” என்றுதான் கேட்பார்.

அப்படியானால் இங்கே என்ன பார்வை இருக்கிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் களத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ‘ஸ்கேட்டிங்’ என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவுக்கு வருவது காலில் சக்கரம் கட்டிய ஷூ. காலை ஆறு மணிக்குப் பூங்காவில், ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் மாட்டிக்கொண்டு, வரிசையாகச் சுற்றிவரும் எட்டு வயதுப் பிள்ளைகள். ஓரத்தில் விசிலோடு கோச். சிமென்ட் பெஞ்சில் பிளாஸ்க்கோடு அம்மாக்கள். அதற்கு ஃபீஸ் உண்டு, சர்ட்டிஃபிகேட் உண்டு, மாவட்டப் போட்டியில் மெடல் உண்டு, பின்னால் கல்லூரி சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்ற நம்பிக்கையும் உண்டு. யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

அதே சக்கரம் ஒரு பலகைக்கு அடியில் போனதும் என்ன ஆகிறது? கோச் இல்லை. யூனிஃபார்ம் இல்லை. வகுப்பு நேரம் இல்லை. ஒரே படிக்கட்டில் நாற்பது முறை குதித்து நாற்பது முறையும் விழுகிற ஒருவனைப் பார்த்து, “இதனால என்ன கிடைக்கும்?” என்று கேட்பவருக்குப் பதிலாகக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. இத்தனைக்கும் உலக அளவில் வேர்ல்ட் ஸ்கேட், நம் நாட்டில் இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு என்று சக்கர ஷூ, போர்டு இரண்டையும் கவனிப்பது ஒரே அமைப்புதான். தம்பி போர்டு ஓட்டுவதில் அப்பாவுக்கு என்ன கோபம் வரும் என்று நினைக்கிறீர்கள்? விழுந்து கையை உடைத்துக்கொள்வான் என்பது பாதி. மீதிப் பாதி, நேரத்துக்கும் பணத்துக்கும் ஒரு ரசீது வராத விளையாட்டு இது என்பதாக இருக்கும். உங்கள் பேராசிரியர் கேட்ட சமூகப் பிரச்சினை இங்கே இருக்கிறது. பயன் கணக்குக் காட்டாமல் பிள்ளைகள் விளையாடலாமா, அதற்கு இந்த நகரத்தில் இடம் எது என்ற கேள்வி. அவரிடம் இப்படி எடுத்துச் சொல்லிப் பாருங்கள். மறுப்பார் என்று தோன்றவில்லை.

இதற்கு ஒரு காட்சியும் தயாராகவே இருக்கிறது. ஒரே நாள் காலையில் பூங்காவில் ஸ்கேட்டிங் வகுப்பு. அதே நாள் மாலையில் கிரானைட் தளம். இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே லென்ஸில் எடுங்கள். பின்னணிக் குரல் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நகரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதே போர்டுக்கு வேறொரு முகம் இருக்கிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கலிஃபோர்னியாவில் நடந்த அதே வரிசைதான் நடந்தது. முதலில் சர்ஃபிங், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்கேட்போர்டு. அங்கே ஓட்டுபவர்களில் பலர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி கவுனோடு, வெறுங்காலில் சரிவில் இறங்கிய புகைப்படத்தை அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் பகிர்ந்தார். அவளையும் அவள் அம்மாவையும் பற்றி எடுத்த குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்கான பரிந்துரை வரை போனது. அந்த ஆண்டு அதே பிரிவில் விருது வாங்கிய படம், காபூலில் ஸ்கேட்போர்டு கற்கும் சிறுமிகளைப் பற்றியது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015இல் ஸ்கேட் பார்க் கட்டியபோது, இரண்டே விதிகள்தான் முதலில் பேசப்பட்டன: பள்ளிக்குப் போகாதவருக்குப் போர்டு இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம்.

எதற்காக இவ்வளவும் சொல்கிறேன் என்றால், ‘ஸ்கேட்போர்டால் வாழ்க்கை மாறிய ஏழைச் சிறுமி’ என்ற படத்தை நிறையப் பேர், நல்ல கேமராவோடு, எடுத்து முடித்துவிட்டார்கள். நீங்களும் 10 வாரத்தில் கோவளத்துக்கு ஓடி அதையே எடுக்க வேண்டாம். நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பையன், வளாகத்து வாட்ச்மேன், டியூஷன் ஃபீஸ் கட்டும் அப்பா என்ற முக்கோணத்தை யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

வாட்ச்மேனை மறைவாக எடுக்கலாமா?

வேண்டாம். சட்டத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் அவரைப் பார்ப்போம்.

கடிதத்தில் அவரை ‘வில்லன்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வரைந்திருக்கிறீர்கள். அறுபது வயதில் 12 மணி நேர ஷிஃப்ட் நிற்பவர். பெரும்பாலும் ஏஜென்சி வழியாக வந்தவராக இருப்பார். வளாகத்தில் ஒரு பையன் விழுந்து தலையில் அடிபட்டால் முதலில் போகும் வேலை அவருடையது. கிரானைட் விளிம்பு பெயர்ந்தால் மறுநாள் காலை சூப்பர்வைசர் திட்டப்போவதும் அவரைத்தான். உங்கள் தம்பியின் நண்பர்கள் விளிம்பில் வழுக்குவதற்காக மெழுகு தேய்ப்பார்கள், தெரியுமா? அந்தக் கறுப்புத் தடத்தைக் காலையில் மண்டியிட்டுத் தேய்ப்பவர் யார் என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் இருப்பார். அவரிடம் உங்கள் குழு பேசவே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் 38 பேரையும் விட இந்தப் பொருளில் சொந்தக் கருத்து உள்ளவர் அவர்.

மறைவாக எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது விசிலும் கத்தலும். ஒரு வயதானவர் கத்துவதை வைத்து அரங்கில் சிரிப்பு வாங்கலாம். அந்தக் கிளிப் வெளியே போனால் அவருக்கு வேலை போகும். அவருக்கு எதிராகப் படம் எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். அவருக்குப் பதில் சொல்ல ஒரு இடம் கொடுக்காமல் எடுப்பது நியாயமில்லை.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். அடுத்த ஒரு வாரம் கேமரா இல்லாமல் போங்கள். மாலை ஐந்து மணிக்கு, பையன்கள் வருவதற்கு முன்பு. டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள், “என்ன படிக்கிறோம், எதுக்கு வந்திருக்கோம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அந்தத் தளம் எப்படித் தெரிகிறது, எப்படிக் கேட்கிறது என்று கவனியுங்கள். ஸ்கேட்போர்டைப் பற்றிய எரிச்சலில் பெரும்பகுதி காது வழியாக வருகிறது. கல்லில் சக்கரம் உருளும் கரகரப்பு, ஆலி (போர்டோடு எம்பிக் குதிப்பது) அடிக்கும்போது பலகையின் வால் தரையில் அறையும் சத்தம், போர்டு தனியே ஓடிப் போய்ச் சுவரில் மோதும் சத்தம். ஓட்டுபவனுக்கு அது இசை. நாற்காலியில் இருப்பவருக்கு அது தலைவலி. ஒரே சத்தத்தை இரண்டு இடத்திலிருந்து பதிவு செய்யுங்கள்: ஒரு மைக் போர்டுக்கு அருகில், ஒன்று நாற்காலிக்கு அருகில். பார்வை வேறுபாடு என்று நீங்கள் ஐந்து நிமிடம் பேட்டி எடுத்துச் சொல்ல நினைப்பது, இந்த இரண்டு ஒலித்தடங்களில் இருபது விநாடியில் கேட்டுவிடும்.

அவர் முகம் காட்டச் சம்மதித்தாலும், வேலை கொடுத்தவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அவரிடமே விளக்கிக் கேளுங்கள். ‘சரி’ என்று சொன்ன பிறகும் எடிட் முடிந்ததும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மனம் மாறினால் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், கைகளை மட்டும் காட்டலாம். விசிலைச் சுற்றியிருக்கும் விரல்கள் போதும்.

தம்பி விஷயம்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். முகத்தை மங்கலாக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குரல், நடை, ஷூ, போர்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் மேலாகப் படத்தை எடுத்தது அவன் அக்கா என்ற டைட்டில் கார்டு. உறவினர் ஒருவர் யூடியூப்பில் பார்த்த அன்றே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அப்போது உங்கள் வீட்டில் நடக்கப் போவது போர்டைப் பற்றிய சண்டையாக இருக்காது. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஏமாற்றினார்கள் என்ற சண்டையாக இருக்கும். அது ஆறுவதற்கு நாளாகும்.

அவனுக்கு 18 ஆகவில்லை. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் அவனைப் படத்தில் வைக்கக் கூடாது, அக்காவின் சம்மதம் அதற்கு ஈடாகாது. அவனோடு ஓட்டும் மற்றப் பையன்களுக்கும் இதே விதி. இதை நடைமுறைச் சடங்காக நினைக்காதீர்கள். ஒரு பையன் விழுந்து மணிக்கட்டு உடைந்த நாளில் உங்கள் கேமரா ஓடிக்கொண்டிருந்தால், “படத்துக்காகத்தானே குதிச்சான்?” என்று அவன் அம்மா கேட்பார். அந்தக் கேள்வியில் உண்மையும் இருக்கலாம், ஏனென்றால் கேமரா இருந்தால் பையன்கள் ஒரு படி கூடுதலாகத்தான் குதிப்பார்கள். ஹெல்மெட், மணிக்கட்டுப் பட்டை இல்லாதவரை எடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘அது கூல் இல்லை’ என்பார்கள். சொல்லட்டும்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. தம்பியை முழுவதும் விட்டுவிட்டு, 18 தாண்டிய வேறு ஒருவரை மையமாக வைப்பது பாதுகாப்பானது. படம் கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவுதான். தம்பியின் கதையை உங்கள் குரலில், ஆள் காட்டாமல் சொல்வது இரண்டாவது. இதில் ரகசியம் உடையும் ஆபத்து குறைவதில்லை என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது, அப்பாவிடம் சொல்லிவிடுவது.

மூன்றாவதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்திருப்பீர்கள். இருந்தாலும் யோசியுங்கள். சொல்வது என்றால் கேமராவை ஆன் செய்துவிட்டுச் சொல்வதல்ல. அப்பாவின் முதல் கோபத்தைப் படம்பிடிப்பது அவரைப் பொறியில் மாட்டுவது. வாட்ச்மேனை மறைவாக எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவனுடைய ரகசியம், அவன் சம்மதிக்காமல் நீங்கள் உடைக்கக் கூடாது. சம்மதித்தால் அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். டியூஷனைத் தவறவிட்ட கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும். திட்டு விழும். இரண்டு வாரம் கழித்து, வீடு சமாதானமான பிறகு, அப்பாவை ஒரு மாலை அந்தத் தளத்துக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வருவார் என்று நான் உறுதி தர முடியாது. வந்தால், மகன் விழுவதை அவர் பார்க்கும் முகம் உங்கள் படத்தின் நடுப்பக்கம். வராவிட்டால், வராத நாற்காலியோடு படம் எடுக்கலாம், அதுவும் படமே.

அப்பாவைச் சமாதானப்படுத்த ஒலிம்பிக்கை இழுப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். டோக்கியோவில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2021இல் நடந்த அந்தப் போட்டியில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு 13 வயது, வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைஸா லியாலுக்கும் 13 வயது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் படத்தில் இதைப் பெரிய ஆயுதமாக்காதீர்கள். அதைச் சொன்ன மறுகணம் நீங்களும் ‘மெடல் கிடைக்கும், அதனால் பரவாயில்லை’ என்ற கணக்குக்குள் போய்விடுகிறீர்கள். நாற்பது முறை விழுபவனுக்கு மெடல் ஞாபகமே இருக்காது. அவன் ஏன் நாற்பத்தோராவது முறை எழுந்திருக்கிறான் என்பதை எடுங்கள். நண்பர்களின் ரீல்ஸில் வெற்றி பெற்ற ஒரு முயற்சியை மட்டும் வெட்டிப் போடுவார்கள். நீங்கள் விழுந்தவற்றையும் எண்ணிக்கையோடு வையுங்கள்.

அனுமதி, சட்டம்

இதில் உங்கள் குழுவுக்குச் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன.

‘எல்லாரும் நடக்கிற இடம், அதனால் பொது இடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலக வளாகத்தின் முன்தளம் தனியார் இடம். மக்கள் வந்துபோக விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போர்டு ஓட்டாதே, படம் எடுக்காதே, வெளியே போ என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. சொன்ன பிறகும் நின்று வம்பு செய்தால் அத்துமீறல் புகார் வரை போகலாம். அதேபோல், பையனின் போர்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் வாட்ச்மேனுக்குக் கிடையாது. தனியார் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் இல்லை. இந்த இரண்டையும் படத்தில் சொன்னால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நெளியும், நல்லது. வளாக நிர்வாகத்துக்குக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் அனுமதி கேட்டு எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமே ஒரு காட்சி.

சாலையிலும் நடைபாதையிலும் போர்டு ஓட்டுவதை நேரடியாகப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவைத் தேடி அலைய வேண்டாம். ஸ்கேட்போர்டு மோட்டார் வாகனம் அல்ல. ஆனால் பொதுவழியில் யாருக்காவது இடையூறோ ஆபத்தோ காயமோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு வரும். அபராதம் 5,000 ரூபாய் வரை. ஆகவே ‘சட்டம் எங்களைக் கண்டுகொள்ளாது’ என்பதும் தப்பு, ‘போலீஸ் பிடிக்கும்’ என்று பயந்து நடுங்குவதும் தப்பு. கடற்கரைச் சாலையில் கையில் பிடித்த கேமராவோடு நின்றால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். டிரைபாட், விளக்கு, ஆள்கூட்டம் என்று போனால் கேட்பார்கள். கல்லூரிக் கடிதத்தின் நகலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு ஷாட் வேண்டும் என்று உங்கள் ஒளிப்பதிவாளர் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடற்கரைக் கோயில் பின்னணி அழகுதான். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், முன் அனுமதி இல்லாமல் அங்கே படப்பிடிப்பு நடத்த முடியாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. சென்னைக்குள்ளும் விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு, ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். 12 நிமிடப் படத்துக்கு ட்ரோன் வாங்கித் தருவது தலைவலியைத்தான்.

பாட்டு விஷயத்தில் ஒரே வரி: பையன்களின் ரீல்ஸை அப்படியே எடுத்துப் போட்டால் அதிலுள்ள பாட்டும் கூடவே வரும், கல்லூரி அரங்கில் தப்பித்தாலும் திரைப்பட விழாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நடுநிலை பற்றி

பாதிக்குப் பாதி என்பது பட்டிமன்றத்துக்குச் சரி. நடுவர் இருக்கிறார், மணி அடிக்கிறார். ஆவணப்படத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்து நியாயம் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் தன் தரப்பின் பலமான வாதத்தைச் சொல்லும் இடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்கா 30 விநாடிதான் வருகிறார் என்றாலும், அவர் சொல்வதற்குப் பிறகு ஓட்டுபவர்களின் மேல் நமக்குள்ள பாசம் கொஞ்சம் குலைந்தால் போதும்.

தம்பிதான் படத்துக்குள் இருக்கிறான் என்றால், நீங்கள் நடுநிலை என்று நடிக்கவும் வேண்டாம். ‘இவன் என் தம்பி’ என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு நீங்கள் காட்டும் எல்லாவற்றையும் பார்ப்பவர் அந்தக் கணக்கோடு எடை போட்டுக்கொள்வார்.

இரண்டு நியாயங்கள் மோதும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு லண்டனில் நல்ல உதாரணம் உண்டு. தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் கலை வளாகத்தின் அடியில் தூண்களுக்கு இடையே 1970களிலிருந்து ஓட்டி வருகிறார்கள். 2013இல் வளாகத்தை விரிவாக்கவும், அந்த இடத்தில் கடைகள் வைத்து வருமானம் பார்க்கவும் நிர்வாகம் திட்டமிட்டது. ஓட்டுபவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2014இல் இடம் அவர்களுக்கே இருக்கட்டும் என்று உடன்பாடானது. எதிர்த் தரப்பும் கெட்டவர்கள் இல்லை, கலைக்கு இடம் வேண்டும் என்றுதான் அவர்களும் கேட்டார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், லவ் பார்க் என்ற சதுக்கத்தில் ஓட்டத் தடை வந்தபோது, அந்த இடத்தை முதலில் கற்பனை செய்த நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேக்கன் 2002இல் தன் 92ஆம் வயதில் அங்கே வந்து, இருபுறமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்கப் போர்டில் ஏறி ஓட்டிக் காட்டினார். நூறு பேரிடம் கருத்துக் கேட்டாலும் அந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது. உங்கள் வாட்ச்மேனைப் போர்டில் ஏற்றிவிடாதீர்கள் தயவுசெய்து. இப்போது அந்த யோசனை உங்கள் குழுவில் ஒருவருக்காவது வந்திருக்கும். அவராகக் கேட்டால் வேறு விஷயம்.

10 வாரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் கேமரா இல்லாமல். சம்மதம், அனுமதிக் கடிதங்கள், வீட்டுப் பேச்சு எல்லாம் இதற்குள். அப்புறம் நான்கு வாரம் படப்பிடிப்பு, வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு காலை. மீதி நான்கும் எடிட்டிங்குக்கும் ஒலிக்கும். ஒலிக்கு ஒரு வாரமாவது தனியாக விடுங்கள், மாணவர் படங்கள் அடிபடுவது அங்கேதான். வீட்டில் பேச்சு முறிந்தால் மூன்றாம் வாரத்திலேயே போர்டு ஓட்டும் 18 தாண்டிய ஒருவரிடம் மாறிக்கொள்ளுங்கள். அவரை இப்போதே பேசி வைத்திருங்கள்.

கடற்கரையில் எடுத்த 38 பேட்டிகளை அழிக்க வேண்டாம். “பாத்து ஓட்டணும்” என்று சொன்ன இடங்களை மட்டும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள். 15 விநாடி வரும். அதற்குப் பின்னால் தம்பி விழும் சத்தத்தை வைத்தால் படத்தின் தொடக்கமாக நிற்கும் என்று தோன்றுகிறது. தலைப்பை எடிட்டிங் முடிந்த பிறகு வையுங்கள். எனக்கு ‘டியூஷன்’ என்று வைக்கலாம்போல இருக்கிறது, ஆனால் அப்பா என்ன சொல்கிறார் என்று முதலில் பாருங்கள்.